கூரை வேறு, கூலி வேறு: சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் போன ஒரு பெண், ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரே பெண், ஒரே நகரம், இரண்டு பயணம். 2024 பொங்கல் கழிந்து கோலாலம்பூருக்குப் போனவர் ஐந்தாவது மாதம் பையோடு திரும்பினார். 2025 மார்ச்சில் மறுபடியும் போனார். இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறார். முதல் தடவை போனபோது வேலை உறுதி, தங்குமிடம் உறுதி, கூடவே ஊர்க்கார அக்கா ஒருவரும் இருந்தார். இரண்டாம் தடவை கையில் இருந்தது சங்கிலியை அடகு வைத்த காசு. பெயரில் ஒரு மோட்டார் கடன். தங்குவதற்கு முன்பின் தெரியாதவர் வீட்டில் ஓர் அறை. பார்த்தால் முதல் பயணம்தான் நிலைத்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். ஏன் என்று பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் தோட்டக் கிராணியாக, அதாவது கணக்கெழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து பாரம் (விண்ணப்பப் படிவம்) நிரப்பிக் கொடுப்போம், கடிதம் படித்துச் சொல்வோம். இந்தக் குடும்பம் எங்களிடம் வந்தது அப்படித்தான். பெண்ணின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர் பெயரையும் தாமான் (குடியிருப்பு) பெயரையும் விட்டுவிட்டேன். பணக் கணக்கெல்லாம் அவர் கைப்பட எழுதிய 555 குட்டிப் புத்தகத்தில் உள்ளது. அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பின்னணி

வயது 25. அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை வைத்தபோது ஆள் தேவை குறைந்தது. தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்து, பட்டணத்து ஓரத்தில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு வந்தார்கள். பெண் அப்போது தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்தார். மலாயிலும் வரலாற்றிலும் தேறியதால் சான்றிதழ் கையில் உண்டு. அப்புறம் ஈப்போவில் ஒரு பேரங்காடியில் மூன்று வருஷம் காசாளர் வேலை. 21 வயதில் கல்யாணம், 23இல் தாய்வீடு. கணவர் கை நீட்டினார் என்பதோடு அதை விடுகிறேன். கைக்குழந்தை இல்லை. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் ஒரே தங்கையும் அம்மாவும்தான் வீட்டில். அப்பா இறந்துவிட்டார்.

சின்ன ஊரில் ‘வாழாவெட்டி’ என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. ‘எப்பம்மா திரும்பிப் போற?’ என்று கேட்பார்கள், அவ்வளவுதான். கடைத்தெருவில் ஒரு தடவை, கோயிலில் ஒரு தடவை, கல்யாண வீட்டில் நாலு தடவை. அவர் ஊரை விட்டுப் போக நினைத்ததற்குச் சம்பளத்தைவிட இதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. ஈப்போ அரை மணி நேரத்தில் இருக்கிறது, பழைய வேலையும் கிடைத்திருக்கும். ஆனால் ஈப்போவுக்குப் போனால் சாயங்காலம் இதே ஊருக்குத்தான் திரும்ப வேண்டும்.

முதல் அழைப்பும் அந்தச் ‘சரி’யும்

வந்த வேலை நகரத்தில் ஒரு துணிக்கடையில். சம்பளம் 1,800 வெள்ளி (ரிங்கிட்), தங்குமிடம் இலவசம், மதியச் சாப்பாடு கடையிலேயே. சேர்த்துவிட்டவர் அம்மாவுக்குத் தெரிந்த ஓர் அக்கா. அதே கடையில் வேலை, அதே மாடியில் வாசம். வீட்டில் கேட்டது இரண்டே கேள்வி. எங்கே தங்குவா? கூட யார் இருப்பா? இரண்டுக்கும் பதில் இருந்தது. ‘அப்ப சரி, போகட்டும்’ என்றார் தாய்மாமன்.

அந்தச் ‘சரி’யை யோசனை இல்லாத சரி என்று சொல்ல மாட்டேன். தோட்டத்தில் வேலை கிடைத்தால் அதோடு வீடு வரும். வீட்டோடு தண்ணீர், விறகு, பிள்ளைகளை விடுவதற்கு ஆயாக் கொட்டகை, காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிற டிரசர், தமிழ்ப்பள்ளி, கோயில், மாதக் கடைசிவரை கடன் கொடுக்கும் மளிகைக் கடை எல்லாம் வரும். காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வந்து நிற்கிறவரின் பெயரை நான் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் எழுதுவேன்; அந்த ஒரு வரியில்தான் அவருடைய கூலியும் இருந்தது, கூரையும் இருந்தது. இப்படியே மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்கு, தங்குமிடத்தோடு வரும் வேலைதான் முறையான வேலை. தங்குமிடம் இல்லாத வேலை என்றால் ‘பிள்ளையைத் தெருவில் விடுற மாதிரி’ என்று அம்மா சொன்னார்.

இதன் இன்னொரு பக்கமும் அந்த அம்மாவுக்குத் தெரியாதது இல்லை. வேலைக்கு வயது முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். தோட்டம் கை மாறினால் வேலையும் வீடும் ஒரே கடிதத்தில் போகும். 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது நடந்ததும் இதுதான். எங்கள் சுங்கை சிப்புட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலைப் பார்த்துத்தான். தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டத்தை வாங்கினால் வேலையும் வீடும் நிலைக்கும் என்பது கணக்கு. பிறகு 1990களில் புத்ராஜெயா கட்டுவதற்குப் பேராங் புசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்கள் போயின; அங்கிருந்த குடும்பங்கள் டெங்கில் பக்கத்து அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. கதை தெரியும். ஆனாலும் பிள்ளைக்கு வேலை தேடும்போது மனசு பழைய ஏற்பாட்டுக்கே போகிறது.

கடை மாடி

காலை பத்து மணிக்குக் கடை திறக்கும். இரவு ஒன்பதரைக்கு மூடும். மாதத்துக்கு 26 நாள். சாப்பாட்டு நேரம் ஒரு மணி போக நாளுக்குப் பத்தரை மணி நேர வேலை, மாதத்துக்கு 273 மணி. வேலைச் சட்டம் 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம் என்று குறைத்திருக்கிறது. அதற்கு மேல் போனால் மணிக்கு ஒன்றரை மடங்கு. இங்கே கூடுதல் நேரம் என்ற பேச்சே கிடையாது.

முதல் மாதம் கைக்கு வந்தது 1,350. தங்குமிடத்துக்கு 250, சாப்பாட்டுக்கு 150, சீருடைக்கு 50 கழித்திருந்தார்கள். இலவசம் என்றீர்களே என்று கேட்டதற்கு, ‘இடம்தான் இலவசம், கரண்டு, தண்ணி யாரு கட்டுறது?’ என்று பதில். சம்பளச் சீட்டு இல்லை, ரொக்கம். சேமநிதி (ஓய்வுக்காலச் சேமிப்பு) பிடிக்கவில்லை, சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதியும் இல்லை. 1,350ஐ 273ஆல் வகுத்தால் மணிக்கு ஐந்து வெள்ளிகூட வராது. கழிவே இல்லாமல் 1,800ஐ முழுசாகப் போட்டாலும் 6.59தான். அந்த வருஷம் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்துக்கு 1,500, மணிக்கணக்கில் 7.21. (கிராணி புத்தி, எதைப் பார்த்தாலும் வகுத்துப் பார்க்கச் சொல்கிறது.)

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முதலாளி கொடுக்கும் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் சம்பளத்தில் கழிக்க வேண்டுமானால் தொழிலாளி எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். தொழிலாளர் இலாகாவின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். எல்லாக் கழிவும் சேர்ந்து மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தங்குமிடத்துக்கென்று தனியாக ஒரு சட்டமும் இருக்கிறது. 1990இல் வந்தபோது அது தோட்டத்தையும் சுரங்கத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. 2020 ஜூனிலிருந்து மற்றத் துறைகளுக்கும் வந்துவிட்டது. ஆளைத் தங்கவைக்கிற முதலாளி இலாகாவிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். கட்டில், மெத்தை, தலையணை, போர்வை, பூட்டுப் போட்ட அலமாரி எல்லாம் ஆளுக்கு ஒன்று. அந்த மாடியில் ஒன்பது பெண்கள், நாலு மெத்தை.

இவ்வளவுக்கும் அவர் போகவில்லை. இதைத்தான் கவனிக்க வேண்டும். சம்பளம் குறைவு என்று தெரிந்தது, நேரம் அதிகம் என்று தெரிந்தது, ஆனால் வேலையை விட்டால் அன்றிரவு எங்கே படுப்பது? வேறு வேலை தேடப் போகக்கூட நேரம் கிடையாது. நேர்காணலுக்கு விடுப்பு கேட்டால் மாடியில் இருக்கிற ஒன்பது பேருக்கும் தெரிந்துவிடும்.

ஜூனில் பாட்டி இறந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு இரண்டு நாள் விடுப்பு கேட்டார். கடையில் கூட்டம், முடியாது என்றார்கள். சனிக்கிழமை கடை மூடிய பிறகு பேருந்து ஏறி ஊருக்கு வந்தார், காரியம் முடிந்து திங்கள் இரவு திரும்பினார். மாடிக் கதவு உள்ளே தாழ்ப்பாள். படிக்கட்டுக்குக் கீழே, செருப்பு அலமாரி ஓரத்தில், கறுப்பு நெகிழிப் பையில் அவருடைய துணிமணி. கொடியில் காயப்போட்டிருந்த இரண்டு சுடிதாரையும் ஈரத்தோடு உருட்டி உள்ளே வைத்திருந்தார்கள். சேர்த்துவிட்ட அக்கா மேலே சன்னலைத் திறந்து பார்த்தார். கதவைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவர் பையும் கீழே வந்திருக்கும். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிரவு டி.பி.எஸ். பேருந்து நிலையத்தில் விடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு முதல் ஈப்போ பேருந்தில் ஊர் வந்தார். 17 நாள் சம்பளம் பாக்கி.

இடைப்பட்ட மாதங்கள்

எங்களிடம் வந்தது துணிக்கடைக்காக இல்லை. ஒரு பழுப்பு உறையைக் கொண்டு வந்து, ‘கிராணி ஐயா, இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க’ என்றார் அம்மா. மோட்டார் கடன். கல்யாணமான புதிதில் கணவருக்காக இவர் பெயரில் எடுத்தது. வண்டி அவரிடம், தவணை இவர் தலையில். கடிதமெல்லாம் பழைய முகவரிக்குப் போய்க்கொண்டிருந்ததால் இவருக்குத் தெரியவே இல்லை. இரண்டு தவணை அடுத்தடுத்துத் தவறினால் 21 நாள் அவகாசம் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்பது தவணைக் கொள்முதல் சட்டம். ஆனால் வண்டி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. போதாததற்கு மூன்று சம்மன், வேக வரம்பு மீறியதற்கு. வண்டி யார் பெயரிலோ அவருக்குத்தான் சம்மன் வரும்.

இந்த மாதிரிக் கடன் எங்கள் பக்கத்தில் சாதாரணம். கணவன் பெயர் ஏற்கெனவே கெட்டிருக்கும், மனைவி பெயர் சுத்தமாக இருக்கும். கடைக்காரரே ‘அம்மா பேர்ல போட்டுடலாம்’ என்பார். பிரியும்போது நகையைப் பேசுவார்கள், தட்டுமுட்டுச் சாமானைப் பேசுவார்கள், மோட்டாரைப் பேச மாட்டார்கள்.

தாய்மாமன் இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசி வண்டியை மீட்டு வந்தார். அதைக் கடன் கொடுத்த இடத்தில் ஒப்படைத்து, ஏலத்தில் போன விலை கழித்து, மீதி 1,900 வெள்ளியை மாதம் 150ஆகக் கட்டுவதாக எழுதி வாங்கினோம். கடன் முழுசாகத் தீரவில்லை, ஆனால் எல்லை தெரிந்துவிட்டது. எவ்வளவு என்று தெரியாத கடனோடு நகரத்துக்குப் போகிறவர், சம்பளம் வந்ததும் யாரோ பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்திலேயே ரொக்கச் சம்பளம் தருகிற கடையைத் தேடுவார். அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் துணிக்கடை வெளியே வந்தது, 555 புத்தகமும் வந்தது. மளிகைக் கடைக் கடனை எழுதி வைக்க அம்மா வைத்திருந்த அதே மாதிரிக் குட்டிப் புத்தகம். ஒவ்வொரு நாளும் கடைக்குள் நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம், அன்று சாப்பாடு கிடைத்ததா இல்லையா, எல்லாம் பென்சிலில். எதற்கு எழுதினாய் என்று கேட்டேன். ‘சும்மாதான் ஐயா, நாளை எண்ணிக்கிட்டு இருந்தேன்’ என்றார். தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்தபோது அதிகாரி முதலில் நகல் எடுத்தது அந்தப் புத்தகத்தைத்தான். ஒப்பந்தம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை என்ற இடத்தில் அது பேசியது. கூடவே வாட்சாப்பில் முதலாளி அனுப்பிய நேர அட்டவணை. கடைக்காரர் தரப்பு, அவர் நோட்டீஸ் கொடுக்காமல் நின்றுவிட்டார் என்று எதிர்வாதம் வைத்தது. இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு, ஒப்பந்தத்தில் வேறு எதுவும் இல்லாவிட்டால் நாலு வாரம் நோட்டீஸ் என்பது உண்மைதான். ஆனால் பையைப் படிக்கட்டுக்குக் கீழே வைத்தது யார்? அந்தப் பையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். படத்தில் தேதியும் நேரமும் இருந்தன.

புகாருக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஆனால் நாள் பிடித்தது. இழுத்து இழுத்து, மறு வருஷம் ஜூலையில் 2,900 வெள்ளிக்கு இரண்டு தவணையாகச் சமரசம் ஆனது. சேரவேண்டியதில் அது பாதிக்கும் கீழேதான். வாங்கிக்கொள் என்று நான்தான் சொன்னேன். சேமநிதிக்குப் போட்ட தனிப் புகார் இன்னும் நடக்கிறது.

ஏழு வாரம்

இரண்டாம் பயணத்துக்கு முன்னால் எங்கள் குழுவில் ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதமாக இருந்தோம்: தங்குமிடத்தோடு வருகிற வேலை வேண்டாம். அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. நாலு ஞாயிறு வாதம் நடந்தது.

அறை கிடைத்தது செந்தூலில். ரயில்வே வேலைக்காரர்கள் குடியிருந்த பழைய பகுதி. கணவரை இழந்த ஓர் அம்மா, அடுக்குமாடியில் ஓர் அறையை வாடகைக்கு விடுகிறவர். வாடகை 400. இந்த அறையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அது வேலைக்குப் பக்கத்தில் என்பது இல்லை. செந்தூல் திமோர் எல்.ஆர்.டி. (நகர ரயில்) நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது என்பதுதான். அங்கே ஏறினால் மஸ்ஜிட் ஜாமேக், ஹங் துவா, பூடு, சான் சோ லின் எல்லாம் அதே தடத்தில். ஒரு வேலை போனாலும் அதே தடத்தில் இன்னொன்று தேடலாம், அறையை மாற்ற வேண்டாம். மாதம் 50 வெள்ளிக்கு மை50 பயண அட்டை இருந்தால் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே செலவு.

வாடகைக்கு ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்: முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பக் கிடைக்கும், காலி செய்ய எத்தனை நாள் நோட்டீஸ். குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இன்னும் வராததால், எழுதி வைத்ததுதான் பேசும். அந்த அம்மா முதலில் ‘என்னம்மா, என்மேல நம்பிக்கை இல்லையா?’ என்று கேட்டாராம். ‘இல்ல ஆன்ட்டி, எங்க ஊருல ஒரு கிராணி ஐயா இருக்காரு, எழுதி வாங்கலைன்னா திட்டுவார்’ என்று என் தலையில் போட்டுவிட்டார். நல்லது.

வேலை ஒரு மருந்துக்கடைக் கிளையில் காசாளர். அடிப்படைச் சம்பளம் 1,700. பிப்ரவரி 2025இல் வந்த புதிய குறைந்தபட்சம். சேமநிதிக்கு 11 விழுக்காடு, சொக்சோ, வேலைக் காப்புறுதி போகக் கையில் சுமார் 1,500. துணிக்கடையின் 1,800ஐயும் இலவசத் தங்குமிடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது நஷ்டம்: 1,500இல் 400 வாடகை போக 1,100. அம்மா இந்தக் கணக்கைப் போட்டு எங்களிடம் காட்டினார். காகிதத்தில் அவர் சொன்னது சரி. அவர் போடாத இன்னொரு கணக்குதான் எங்களுக்குக் கவலையாக இருந்தது: முதல் முழுச் சம்பளம் எப்போது வரும்?

வேலையில் சேர்ந்தது மார்ச் 12. அந்த நிறுவனம் 20ஆம் தேதி வரை கணக்கெடுத்து 28ஆம் தேதி சம்பளம் போடும். ஆகவே முதல் மாதம் கிடைத்தது ஒன்பது நாள் சம்பளம்: 430. முழுச் சம்பளம் ஏப்ரல் 28. ஊரிலிருந்து கிளம்பிய நாளிலிருந்து எண்ணினால் ஏழு வாரம். இந்த ஏழு வாரத்தில்தான் பெரும்பாலோர் விழுகிறார்கள் என்பது எங்கள் மண்டபத்துக்கு வருகிறவர்களை வைத்து நான் சொல்வது. தோட்டத்தில் இந்த இடைவெளியே தெரியாது. முதல் நாளே வீடு கிடைக்கும், மளிகைக் கடையில் புத்தகம் போட்டுக் கொடுப்பார்கள். நகரத்தில் அந்த இடைவெளியை நிரப்புவதற்கு வருகிறவன் ஒன்று வட்டிக்காரன், இல்லையென்றால் ‘மாடியில் தங்கிக்கோ’ என்கிற முதலாளி.

கையில் கொண்டு போனது 2,640. அதில் 1,100 அடகுக் கடையிலிருந்து. சட்டப்படி மாதம் 2 விழுக்காடு வட்டி, ஆறு மாதத்துக்குள் மீட்க வேண்டும். 1,030 சேமநிதியின் நெகிழ்வுக் கணக்கிலிருந்து. 2024 மே மாதம் அந்த மூன்றாவது கணக்கு வந்தபோது, காசாளராக இருந்த காலத்துச் சேமிப்பில் கொஞ்சத்தை அதற்கு மாற்றி வைத்திருந்தார். மீதி அம்மா கொடுத்தது.

போனது: முதல் மாத வாடகையும் முன்பணங்களும் 1,000. மெத்தை, விசிறி, சோற்றுப் பானை, வாளி 230. கறுப்புக் கால்சட்டையும் சப்பாத்தும் 110. பயணம் 50, மை50 இரண்டு மாதத்துக்கு 100, கைப்பேசி 70, சாப்பாடு 735, இரண்டாம் மாத வாடகை 400. ஆக 2,695. ஏப்ரல் 28 காலையில் கையில் இருந்தது 375 வெள்ளி. அதைப் புத்தகத்தில் எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

சாப்பாட்டில் நாளுக்கு 15 என்று வருகிறதே, சிக்கனமாக இருந்திருக்கலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். இருந்திருக்கலாம். முதல் வாரம் மெகி மீயே சாப்பிட்டு மயக்கம் போட்டுக் கடையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் காலையில் நாசி லெமாக், மதியம் கலவைச் சோறு என்று ஒழுங்குக்கு வந்தது. நிற்கிற வேலைக்குச் சோறு வேண்டும்.

ஐந்தாவது வாரம் ஒரு சோதனை வந்தது. மருந்துக்கடைக்கு அடிக்கடி வருகிற ஒரு கடைக்காரர், ‘என்கிட்ட வா, 2,000 தர்றேன், மேல ரூம் இருக்கு’ என்றார். கையில் அப்போது 700 சொச்சம். அம்மா போனில் ‘போயேன்’ என்றார். இவர் போகவில்லை. என்னிடம் சொன்னது, ‘அவரு நல்லவராகூட இருக்கலாம் ஐயா. ஆனா சாவி அவரு கையில இருக்கும்.’

ஆறாவது மாதம்

ஆகஸ்டில் மருந்துக்கடை நேர ஒதுக்கீட்டை மாற்றியது, மேலாளரோடு ஒத்துவரவில்லை. இதுதான் இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமான பகுதி, ஆனால் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஓய்வு நாளில் வேறு ஓர் இடத்துக்கு நேர்காணலுக்குப் போனார். வேலை கடிதம் வந்த பிறகு முறையாக நோட்டீஸ் கொடுத்தார். அதே எல்.ஆர்.டி. தடத்தில், மூன்று நிலையம் தள்ளி ஒரு பல் மருத்துவ நிலையத்தின் முகப்பில் இப்போது வேலை, சம்பளம் 1,950. செந்தூல் அம்மாவுக்கு அவர் வேலை மாறியதே ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. முன்பு வேலை போன அன்றே படுக்க இடம் போனது; இந்தத் தடவை மெத்தை நகரவே இல்லை.

எதிர் உதாரணங்கள்

தங்குமிடம் கொடுக்கிற எல்லா முதலாளியும் மோசம் என்று நான் சொல்லவில்லை. பினாங்கு தொழிற்சாலைகளுக்குப் போன எங்கள் ஊர்ப் பெண்களில் பலர் ஒழுங்கான விடுதியில் இருந்து, சம்பளத்தை மிச்சம் பிடித்து, தம்பி தங்கையைப் படிக்க வைத்திருக்கிறார்கள். அங்கே விடுதிக்குச் சான்றிதழ் உண்டு, சம்பளச் சீட்டு உண்டு, புகார் சொல்ல மனிதவளப் பிரிவு உண்டு. ஆபத்து எங்கே என்றால், சாவி வைத்திருப்பவரும் சம்பளம் எண்ணிக் கொடுப்பவரும் ஒரே ஆளாக, நடுவில் ஒரு காகிதமும் இல்லாமல் இருக்கிற இடத்தில்.

தனி அறை எல்லாருக்கும் கைகூடும் என்றும் சொல்ல முடியாது. இவருக்கு அடகு வைக்கச் சங்கிலி இருந்தது, பழைய சேமநிதி இருந்தது, பேசப் போக ஒரு தாய்மாமன் இருந்தார். அந்த 2,640ஐத் திரட்ட முடியாதவருக்கு எங்கள் யோசனை வெறும் பேச்சு. அதனால் இப்போது மண்டபத்தில் ஒரு சின்ன நிதி வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். வட்டியில்லாமல், சம்பளச் சீட்டு வந்த பிறகு திருப்பிக் கட்டுகிற மாதிரி. இருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் ‘வராத கடன்’ என்கிறார்.

தனிமையைப் பற்றி நிறைய எழுதலாம். அவர் அதிகம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் கஷ்டம் என்றார். யாரும் ‘எப்பத் திரும்பிப் போற?’ என்று கேட்காத ஊர் என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

இன்றைய நிலை

சமரசப் பணத்தில் ஆகஸ்டு மாதமே சங்கிலியை மீட்டுவிட்டார். மோட்டார் கடன் மாதாமாதம் போகிறது. விவாகரத்துக்கு இரு தரப்பும் சேர்ந்து மனு கொடுக்கலாம் என்று கணவர் வீட்டில் வாயால் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம் தாண்டிவிட்டதால் சட்டத் தடை இல்லை, கையெழுத்துதான் வரவில்லை. ஒத்துவராவிட்டால் பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்குப் போய், பிறகு நீதிமன்றம் என்று நீளும்.

இப்போது வீட்டில் புதிய வாதம். தங்கை எஸ்.பி.எம். எழுதியிருக்கிறார். ரிசல்ட் வரும்வரை அக்காவோடு போய் இருந்து ஏதாவது வேலை பார்க்கட்டும் என்கிறார் அம்மா. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. வரட்டும், ஆனால் வேறு அறை பார்த்த பிறகு வரட்டும், அதற்கான காசை இப்போதே சேர்க்கிறேன் என்கிறார். ‘கூடப் பிறந்தவளுக்கு எதுக்குடி தனி அறை?’ என்று அம்மா கேட்கிறார். ‘நாளைக்கு எங்களுக்குள்ள சண்டை வந்தா அவ எங்கம்மா போவா?’ என்று இவர் கேட்கிறார். தங்கை இருவருக்கும் தெரியாமல் போலிடெக்னிக்குக்கு விண்ணப்பிக்க என்னிடம் பாரம் கேட்டு வந்திருக்கிறார். ரிசல்ட் வந்ததும் நிரப்புவதாக இருக்கிறோம்.